மூன்றாவது அறிக்கையில் இருந்த ஒரு வரி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே பிழை அறிக்கைப் பெட்டி வந்தால் 'அனுப்ப வேண்டாம்' என்பதைத்தான் அழுத்துவேன், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் படிக்கிறார்கள். அந்த அறிக்கைகளை வைத்துத்தான், வெறும் 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் 2002-இல் சொன்னது. எதை முதலில் சரிசெய்வது என்று அதற்கப்புறம் யோசிக்க வேண்டியதில்லை.

என் கதை சின்னது. தமிழ்க் குறுக்கெழுத்துக்கு ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதி, சோதனைப் பதிப்பைத் தெரிந்தவர்கள் 15 பேருக்குக் கொடுத்தேன். ஆப் கிராஷ் ஆனால் மறுபடி திறக்கும்போது ஒரு பெட்டி வரும். அறிக்கையை அனுப்பலாமா என்று கேட்கும், கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கும்.

முதல் வாரத்தில் மூன்று அறிக்கைகள். மூன்றிலும் ஒரே இடம், விடையைக் கட்டங்களில் நிரப்பும் வரி. நீளம் 5, இடம் 5 என்று இருந்தது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், ஐந்து கட்டத்தில் ஆறாவது எழுத்தை வைக்கப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். எந்த விடைக்கு? அது அறிக்கையில் இல்லை. பயனர் தட்டச்சு செய்வதை எடுக்கக் கூடாது என்று நான்தான் விட்டிருந்தேன். இரண்டு ராத்திரி என் போனில் விளையாடிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் மூன்றாவது அறிக்கையின் கீழே பார்த்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுதியிருந்தார்: "ஸ்ரீரங்கம் போட்டேன், மூடிக்கொண்டது."

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. நமக்கு 'ஸ்ரீ' ஒரே எழுத்து. கணினிக்குள் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என நான்கு குறியீடு. என் நிரல் அதை ஸ், ரீ என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது, ஐந்து எழுத்து ஆறாகிவிட்டது. பத்து நிமிடத்தில் சரிசெய்து அடுத்த பதிப்பை அனுப்பினேன்.

மறுநாளே வேறொருவரிடமிருந்து அதே வரி, அதே 5, 5. இந்த முறை, சோதிப்பவர்களிடம் சொல்லிவிட்டு, கட்டத்தில் போடும் விடையின் குறியீட்டு எண்கள் மட்டும் அறிக்கையில் வருகிற மாதிரி மாற்றினேன். வந்தது. முதல் எண் 0BB8 இல்லை, 0BB6. ஸ அல்ல, ஶ! ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஒரு எண் தரும் யூனிகோடில் 2005-இல் சேர்ந்த எழுத்து அது. அவருடைய விசைப்பலகை 'ஸ்ரீ'யை அப்படித்தான் எழுதுகிறது. திரையில் இரண்டு வகை 'ஸ்ரீ'யும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணால் பார்த்து இதை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இப்போது இரண்டையும் ஆப் ஏற்றுக்கொள்கிறது. டீச்சர் அந்தப் புதிரை முடித்துவிட்டு அடுத்த அறிக்கை அனுப்பினார்: "க்ஷேத்திரத்திலும் மூடுகிறது, பாருங்கள்." பார்த்துவிட்டேன் டீச்சர். க்ஷ இனி ஒரே கட்டத்தில்தான் உட்காரும்.