இளைஞர்களுக்கு மார்பில் கட்டி: எப்போது காத்திருக்கக் கூடாது

20, 30 வயதுப் பையன்களுக்கு மார்பில் கட்டி என்றால் பெரும்பாலும் அது கைனகோமாஸ்டியாதான் (ஆண்களுக்கு மார்பகத் திசு வீங்குவது, புற்று அல்ல). மார்பகப் புற்று வருபவர்களில் ஆண்கள் 100க்கு ஒருவர் அளவுதான். அவர்களிலும் பெரும்பாலோர் 60ஐ ஒட்டியவர்கள். இதை நம்பித்தான் புற்று வந்த அந்த அபூர்வமான ஒரு பையனை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, இரு விரல்களால் ஓரத்திலிருந்து காம்பை நோக்கித் தடவிப் பாருங்கள். கைனகோமாஸ்டியா காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி இருக்கும், அமுக்கினால் பெரும்பாலும் வலிக்கும். புற்று பெரும்பாலும் வலிக்காது. கல் மாதிரி, பல நேரம் காம்பை விட்டுச் சற்று விலகி இருக்கும். காம்பு உள்ளே இழுத்தாலோ, பனியனில் ரத்தக்கறை பட்டாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

•

மேலே சொன்னதோடு ஒன்று. ஜிம்மில் ஸ்டீராய்டு போட்டவர் என்றால் "மருந்தால் வந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே, ஆண்களுக்கும் எடுக்கலாம்), அல்ட்ராசவுண்ட், பிறகு கோர் பயாப்சி (தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பது). மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுப்பதில் செல்கள் மட்டுமே வரும்; புற்று பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவியதா என்று அதில் தெரியாது.

கைனகோமாஸ்டியா ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவது பெரிய தப்பு. வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது 10% ஃபார்மலினில் இருக்க வேண்டும், சதையைப் போல் 10 மடங்கு திரவத்தில், 6 முதல் 72 மணி நேரம் வரை. சலைனில் போட்டாலோ சின்ன டப்பாவில் திணித்தாலோ உள்சதை கெட்டு, ஈஆர் (புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி) பொய்யாக நெகட்டிவ் காட்டும். ஆண்களின் மார்பகப் புற்றில் 10க்கு 9 ஈஆர் பாசிட்டிவ். அதனால் நெகட்டிவ் ரிப்போர்ட் வந்தால், முடிந்தால் வேறொரு பிளாக்கில் (மெழுகில் பதித்த சதைத் துண்டு), மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையான டாமாக்சிஃபென் கிடைக்குமா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது.

•

அந்த டாமாக்சிஃபென் தினம் 20 மி.கி., குறைந்தது 5 வருடம். உடம்பு திடீரென்று கொதிப்பது, தாம்பத்திய ஆசை குறைவது இரண்டாலும் பல ஆண்கள் வெளியே சொல்லாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். மனச்சோர்வுக்கு பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் மாத்திரைகள் வேண்டாம். டாமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் மருந்தாக மாறுவதை இவை தடுக்கும். கீமோ உண்டென்றால் முதல் டோஸுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிடுங்கள்.

வயது என்னவானாலும், மார்பகப் புற்று வந்த ஆணுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பிஆர்சிஏ2 (மார்பகப் புற்று ஆபத்தைக் கூட்டும் மரபணு) குறை அப்பா வழியிலும் வரும். அவனுக்கு அது இருந்தால் அக்கா தங்கைகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவன் ரிப்போர்ட்டின் நகலோடு அவர்களும் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும்.