பிரொய்லர் குஞ்சுக்குத் தடுப்பு மருந்தோடு லெவமிசோல் கொடுக்கலாமா?

வெலிமடைக்காரன்:
சின்னதாக ஒரு பிரொய்லர் பண்ணை. போன தொகுதிக்குக் கம்போரோ (குஞ்சுகளைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பு மருந்து தண்ணீரில் கொடுத்தும் நாலாவது கிழமை குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி, வெள்ளையாகக் கழிந்து செத்தன. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கம்போரோதான் என்றார். இப்போது மருந்துக் கடையில், லெவமிசோலும் சேர்த்துக் கொடுத்தால் தடுப்பு மருந்து நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். அது குடற்பூச்சிக்குக் கொடுக்கும் மருந்துதானே? யாராவது கொடுத்துப் பார்த்தீர்களா?

லயத்துக்கோழி:
லெவமிசோல் கொடுத்ததில்லை. மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் விற்றமின் ஈ, செலினியம் கலந்தது கொடுக்கிறோம். குஞ்சு சோர்வதில்லை. அதனால்தான் நோய் வரவில்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பழைய பண்ணையாள்:
கடைக்காரர் சும்மா சொல்லவில்லை தம்பி. லெவமிசோல் குடற்புழு மருந்துதான், ஆனால் அமுங்கிப்போன எதிர்ப்புச் சக்தியைத் தூக்கிவிடும் குணமும் அதற்கு உண்டு, கோழியில் பரிசோதித்தும் இருக்கிறார்கள். தெம்பாக இருக்கிற குஞ்சில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கம்போரோவில் சிக்கலே வேறு. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குஞ்சின் இரத்தத்தில் நிறைய இருக்கும்வரை, தடுப்பு மருந்தில் உள்ள வைரசையும் அது வேலை செய்ய விடாது. பிரொய்லரில் அது மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முந்திக் கொடுத்தால் மருந்து வீண், பிந்தினால் நோய் முந்திவிடும், இதை எந்த மாத்திரையாலும் சரிக்கட்ட முடியாது. முடிந்தால் சில குஞ்சுகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, மிருக வைத்தியரிடமே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீரா, டவுன் பைப்பா? குளோரின் இருந்தால் மருந்து செத்துவிடும். லீற்றருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கிய பால் மா கரைத்து, கொஞ்ச நேரம் விட்டு மருந்தைக் கலக்குங்கள் (வீட்டில் தேத்தண்ணிக்குப் போடும் பால் மா வேண்டாம், அதில் கொழுப்பு இருக்கிறது). இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். நம்ம பக்கத்துக் குளிரில் விடிகாலையில் குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், தண்ணீர்ப் பக்கமே வராது, கொட்டகை சூடேறிய பிறகு கொடுங்கள். நீலச் சாயம் கலந்து கொடுத்தால் நாக்கைப் பார்த்தே எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

லயத்துக்கோழி:
தீனையும் பாருங்கள். மழைக்காலத்தில் மூட்டை ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு வரும், அது எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிவிடும்.

வெலிமடைக்காரன்:
பீலித் தண்ணீர்தான் அண்ணே, ஆனால் கொடுப்பது விடிகாலையில்தான். சரி, லெவமிசோல் கொடுத்தால் இறைச்சியில் தங்குமா?

பழைய பண்ணையாள்:
தங்கும். லேபிளில் போட்டிருக்கும் விலக்கு நாள் முடியாமல் அறுக்கக் கூடாது. ஆறு கிழமைக்குள் விற்கிற கோழி, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மிருக வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள், கடைக்காரர் கை அளவில் அள்ளித் தருவதை வாங்காதீர்கள்.