ஒரே சுவிட்சில் போட்டிக் கம்பெனிகள்: இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் அனுபவங்கள்

சென்னை, எக்ஸ்சேஞ்ச் பக்கம் வேலை பார்த்தவன்:

இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் என்பது ஐஎஸ்பிகள், அதாவது இணையச் சேவை தரும் கம்பெனிகள், தங்களுக்குள் நேரடியாக டிராஃபிக் மாற்றிக்கொள்ளும் இடம். அங்கே வேலை என்றதும் பெரிய பெரிய ரூட்டர்களோடு மல்லுக்கட்டும் வேலை என்று நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சில சுவிட்சுகள், ஒவ்வொருவரின் வழித்தகவலையும் வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லும் ரூட் சர்வர், மீதி எல்லாம் பஞ்சாயத்துதான். வெளியே ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போவார். இங்கே இருவர் கேபிளும் அடுத்தடுத்த போர்ட்டில் இருக்கும்.

ஒரு நாள் நடுராத்திரி. ரூட்டர் மாற்ற வந்த ஒரு மெம்பரின் ஆள், நடுவில் சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்து அவர்களுடைய இரண்டு போர்ட் கேபிளையும் அதில் சொருகிவிட்டார். லூப்! அனுப்பியது திரும்பத் திரும்ப அங்கேயே சுற்றும். அப்படியே விட்டிருந்தால் அத்தனை மெம்பர்களின் பிஜிபியும் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் இணைப்பு) விழுந்திருக்கும். ஆனால் ஒரு போர்ட்டுக்கு ஒரு மேக் முகவரிதான் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) என்பது எங்கள் விதி. இரண்டாவதாக ஒன்று தெரிந்தால் சுவிட்சே போர்ட்டை மூடிவிடும். மூடிவிட்டது.

காலையில் அவர்கள் மேனேஜர் போனில் பொரிந்து தள்ளினார். "அந்தக் கம்பெனிக்காரங்க சொல்லித்தானே சார் எங்க போர்ட்டை மூடினீங்க?" நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. லாக்கிலிருந்து சில வரிகளை மட்டும் மெயிலில் அனுப்பினேன்: நேரம், போர்ட் எண், அந்த போர்ட் வழியாக உள்ளே வந்த மேக் முகவரிகள். அவற்றில் ஒன்று, அவர் சந்தேகப்பட்ட அதே கம்பெனியின் ரூட்டருடையது. லூப்பில் சுற்றி இவர் போர்ட் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதோடு பேச்சு நின்றது. ஆள் போய் மூடியிருந்தால் அந்தச் சண்டை மாதக்கணக்கில் ஓடியிருக்கும்.

அப்புறம் டீபால்ட் ரூட் திருட்டு. பியரிங்கில், அதாவது இரு மெம்பர்கள் நேரடியாக மாற்றிக்கொள்வதில், எதிராளி அறிவித்த ப்ரீஃபிக்ஸுக்குத்தான் (ஐபி முகவரித் தொகுதி) டிராஃபிக் அனுப்பவேண்டும். ஒருவர் சத்தமில்லாமல் வேறு வழி தெரியாத டிராஃபிக்கெல்லாம் போகும் தன் டீபால்ட் ரூட்டையே பக்கத்து மெம்பரின் ஐபிக்குத் திருப்பிவிட்டார். வெளிநாட்டு டிராஃபிக் முழுக்க அடுத்தவர் காசில் போனது. யார் டிராஃபிக் எங்கே போகிறது என்று காட்டும் எஸ்ஃப்ளோ கிராஃபைக் காட்டியபோது "கான்ஃபிக் தப்பு சார்" என்றார்கள். சரி, இருக்கலாம்!

இதற்கெல்லாம் வழி உண்டு. வழியே இல்லாதது நிரம்பிய போர்ட்தான். மாலை ஆனதும் பெரிய கம்பெனியின் போர்ட் முட்டி நிற்கும். பெரிதாக்கச் சொன்னால் பட்ஜெட் இல்லை என்பார்கள். சின்ன ஐஎஸ்பிகள் தங்களிடமே காசு கொடுத்து டிரான்சிட் (மொத்த இணையத்துக்கும் போகும் இணைப்பு) வாங்கட்டும் என்பதுதான் கணக்கு. எக்ஸ்சேஞ்ச் இடத்தைத் தரலாம், யாரையும் பேசவைக்க முடியாது.

கோவை, ஐஎஸ்பி பக்கம்:

நம் ஊரில் பஞ்சாயத்துக்குப் பாதிக் காரணம் பணக் கணக்கு. 2003-இல் நிக்ஸி என்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் வந்தபோது நோக்கம் நல்லதுதான்: உள்நாட்டு டிராஃபிக் வெளிநாடு போய்த் திரும்பக்கூடாது. ஆனால் 'கேட்பவர் கொடுக்கவேண்டும்' என்று ஒரு விதி வைத்தார்கள். உள்ளே இழுப்பதிலிருந்து வெளியே அனுப்புவதைக் கழித்து, அதிகம் இழுத்தவர் காசு கட்டவேண்டும். எங்களைப் போல வீட்டு இணைப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் இழுக்கத்தானே செய்வார்கள்? பில்லைப் பார்த்த எங்கள் முதலாளி, "அங்க அறிவிக்கிற ப்ரீஃபிக்ஸைக் குறைப்பா" என்றார். குறைத்தேன். அறிவிக்காத முகவரிக்கு அங்கே யாரும் டிராஃபிக் அனுப்பமாட்டார்கள், பில்லும் குறையும். பக்கத்துத் தெருவுக்குப் போகவேண்டிய டிராஃபிக் மறுபடி அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு டிரான்சிட் தரும் கம்பெனி) வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. எக்ஸ்சேஞ்ச் இருந்தும் இல்லாத மாதிரி. பிறகு எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ், டிஇ-சிஐஎக்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் போர்ட்டுக்கு மட்டும் வாடகை என்று வந்ததும் எங்களுக்குக் கணக்கு போடுவது எளிதாகிவிட்டது.

நைரோபியில் இருப்பவன்:

நான் வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது, ஆனால் இங்கே நெட்வொர்க்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2000 நவம்பரில் கென்ய ஐஎஸ்பிகள் சேர்ந்து கேஐஎக்ஸ்பி என்ற எக்ஸ்சேஞ்சைத் தொடங்கினார்கள். சர்வதேச இணைப்பில் ஏகபோகம் வைத்திருந்த டெல்காம் கென்யா, தன் உரிமையில் கைவைப்பதாகப் புகார் கொடுத்தது. சில வாரங்களிலேயே ஒழுங்குமுறை ஆணையம் இழுத்து மூடிவிட்டது. போட்டிபோட்டுக்கொண்டிருந்த ஐஎஸ்பிகள் ஒரே சங்கமாக நின்று வாதாடி, உரிமம் வாங்கி, 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். அதற்கு முன்பு நைரோபிக்குள்ளேயே டேட்டா போய்வர 200 முதல் 600 மில்லி செகண்ட் ஆகுமாம். எக்ஸ்சேஞ்ச் வழியாக அது 2 முதல் 10-க்கு இறங்கியது. புகார் கொடுத்த டெல்காமும் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது.

சேலம், புதிதாகச் சேரப்போகிறவர்:

அடுத்த மாதம் எங்களுக்கு போர்ட் வருகிறது. முதலில் எதைக் கவனிப்பது?

சென்னை, எக்ஸ்சேஞ்ச் பக்கம் வேலை பார்த்தவன்:

கேபிள் சொருகுவதற்கு முன் ப்ராக்ஸி ஆர்ப் (அடுத்தவர் முகவரிக்கும் உங்கள் ரூட்டரே பதில் சொல்வது), ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தவிர்க்க சுவிட்சுகள் பேசிக்கொள்வது) இரண்டையும் அந்த இன்டர்ஃபேஸில் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பியருக்கும் ப்ரீஃபிக்ஸ் உச்சவரம்பு போடுங்கள். ஆர்ஓஏ (இந்த ப்ரீஃபிக்ஸை இன்னார் அறிவிக்கலாம் என்ற சான்று) எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ரூட் சர்வர் உங்கள் ரூட்டை உள்ளேயே விடாமல் போகலாம். முக்கியமாக, ராத்திரி எடுக்கிற ஒரு போன் நம்பர் கொடுங்கள். சேல்ஸ்காரர் நம்பர் வேண்டாம்.