வேங்கை நிலை ஓரம் சுவரில் மஞ்சள் கறை, அவசரம்

திருவட்டாறு_வீடு:
புது வீட்டு வாசலுக்கு வேங்கை நிலை வைத்தோம். சுவரில் மஞ்சளாகக் கறை இறங்குகிறது. எமல்ஷன் அடித்தாலும் மறுபடி வருகிறது. பால்காய்ப்பு நெருங்கிவிட்டது. யாராவது வழி சொல்லுங்க.

தக்கலை_உளி:
உள்பக்கமா, வெளிப்பக்கமா? நிலைக்கு என்ன பூசினீர்கள்? கறை மரத்தை ஒட்டித் தொடங்குகிறதா?

குளச்சல்காரன்:
நிலையைச் சுவரோடு பிடிக்கிற இரும்புக் கிளாம்பு துருப்பிடித்திருக்கும். சுவரை உடைத்துப் பாருங்க.

தக்கலை_உளி:
துரு செம்பழுப்பாக இருக்கும் அண்ணே. உடைக்கவெல்லாம் சொல்லாதீங்க.

கருங்கல்_அக்கா:
முதலில் அது வேங்கைதானா? கொஞ்சம் மரத்தூளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு ஊறவைத்து வெயிலில் பிடியுங்கள். தண்ணீர் பழுப்பாகி, ஓரத்தில் நீலம் மினுங்கினால் வேங்கை.

வைரம்_பாய்ந்தவன்:
நிலை வைக்கும் முன் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறீர்கள், தம்பி. ஈரம் பட்டால் வேங்கையின் வைரத்திலிருந்து, அதாவது உள்கட்டையிலிருந்து, சாயம் இறங்கும். ஆசாரி வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிமெண்டுப் பூச்சு அதை இன்னும் இழுக்கும். அயனிப்பலா மரம் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

குளச்சல்காரன்:
அயனி வள்ளத்துக்கு. வாசலுக்கு வேங்கைதான். கன மீட்டருக்கு 800 கிலோ பக்கம் வரும், அயனி 600தான்.

வைரம்_பாய்ந்தவன்:
எடை போட்டு விற்கவா போகிறார்? கடல் தண்ணீரில் கிடந்து உழைக்கிற மரம் அயனி. வாசல் மழையைத் தாங்காதா?

கருங்கல்_அக்கா:
அந்த டம்ளர் தண்ணீர் சுகருக்கு நல்லது என்று எங்கள் மாமா தினமும் குடிக்கிறார்.

தக்கலை_உளி:
குடிக்கட்டும் அக்கா, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திருவட்டாறு_வீடு:
வெளிப்பக்கம். சன்ஷேடு இல்லை, சாரல் நேராக அடிக்கும். நீலம் தெரிந்தது. முன்னால் வார்னிஷ், சுவருக்குள் போன பக்கம் ஒன்றும் பூசவில்லை.

தக்கலை_உளி:
அதுதான் விஷயம். பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்துச் சாயத்தைக் கக்குகிறது. எமல்ஷன் தண்ணீரில் கரைத்து அடிப்பது, அந்த ஈரமே கறையை மேலே கொண்டுவரும். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே விரிசல் இருக்கும், முக்கியமாக மேல்விளிம்பில். நன்றாகக் காயவிட்டு சிலிகான் வைத்து அடையுங்கள். கறை மேல் ஆயில் பிரைமர் அடித்து, அது காய்ந்தபின் எமல்ஷன். ஐப்பசி மழைக்கு முன் ஒரு சன்ஷேடும் போட்டுவிடுங்க. அது இல்லாமல் எந்த மரம் வைத்தாலும் பாடுதான்.

வைரம்_பாய்ந்தவன்:
அயனி என்றால் இவ்வளவு வேலை இல்லை.

திருவட்டாறு_வீடு:
மேலே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அடைச்சாச்சு. பிரைமர் நாளைக்கு.

கருங்கல்_அக்கா:
மிச்சத் துண்டு இருந்தால் சொல்லுங்க தம்பி, மாமாவுக்கு அதில் மர டம்ளர் கடைய வேண்டும்.