கலைச்சொல்: ஸ்லைடிங் கதவின் ஓரப்பட்டைக்கு என்ன பெயர்?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக அலுமினியக் கதவு பழுதுபார்ப்பு பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பால்கனி ஸ்லைடிங் கதவின் ஓரத்தில் காற்று, தூசு, சாரல் நுழையாமல் தடுக்க ஒரு பட்டை வைப்பார்களே, வெதர்ஸ்ட்ரிப், அதற்குச் சொல் கிடைக்கவில்லை. கடையில் பிரஷ், வுல் பைல், ரப்பர் பீடிங் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 'வானிலைப் பட்டை' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. கதவு ஓடும் டிராக்குக்கும் ஒன்று வேண்டும். 'தண்டவாளம்' போடலாமா, 'காடி' போடலாமா?

இராயபுரத்திலிருந்து:

ஐயா, இந்தச் சொல்லை நாம் புதிதாக உருவாக்கவே வேண்டாம். நெடுநல்வாடையில் அரண்மனை வாயிற்கதவைச் சொல்லும்போது 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து' என்று வருகிறது. தச்சன் இறுக்கிப் பொருத்தியதில் இடைவெளியே இல்லாமல் போன கதவு அது. பாட்டின் பெயரிலேயே வாடைக்காற்று இருக்கிறது! புரை என்றால் துளை, இடைவெளி. புழை, புரைசல் எல்லாம் இதற்கு உறவு என்பது என் துணிபு. குறளில் 'புரைதீர்ந்த நன்மை' என்னும்போது அதே சொல் குற்றம் என்ற பொருளுக்கு நகர்ந்திருக்கிறது. எனவே புரை + அடைப்பு, யகர உடம்படுமெய் பெற்றுப் 'புரையடைப்பு'. அடுத்த அடியில் 'ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை' என்று வருகிறதே, கதவு தடையின்றித் திரும்ப நெய் பூசினார்களோ என்றும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

பெரம்பூரிலிருந்து:

நெய் விஷயத்தில் உடன்பட முடியவில்லை. ஐயவி என்ற வெண்சிறுகடுகு காப்புக்காக அப்புவது. புண்பட்ட வீரனுக்கு ஐயவி சிதறுவதும் புகைப்பதும் புறநானூற்றில் உண்டு. அங்கே நெய்யும் அந்த வழிபாட்டைச் சேர்ந்ததுதான்.

சொல்லுக்கு வருவோம். இன்று புரை என்றால் பிள்ளைகளுக்குக் கண்புரை, புரையேறுவது, புரையோடிய புண். பத்தாவது முடித்துவிட்டு வரும் பையன் 'புரையடைப்பு' என்று படித்தால் ஆஸ்பத்திரியைத்தான் நினைப்பான். 'தூசுத்தடை' என்று வைத்தால் என்ன?

இராயபுரத்திலிருந்து:

தூசுதடை என்றுதான் வர வேண்டும். நெடில்தொடர்க் குற்றியலுகரத்தின் முன் வேற்றுமையில் வலி மிகாது. நாகு கால் என்பதுபோல.

பெரம்பூரிலிருந்து:

இலக்கணம் சரி, ஐயா. ஆனால் 'தூசுதடை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வழக்கில் 'தூசுப்படலம்' என்றே பலர் எழுதுகிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

நான் அலுமினிய ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறவன். நீங்கள் பேசுவது ஒரு பொருள் இல்லை, இரண்டு. கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இறுக்கிப் பிடிப்பது ரப்பர். ஸ்லைடிங் ஓரத்தில் இருப்பது பிரஷ்: ஒரு கெட்டியான அடிப்பட்டையில் பாலிபுரொப்பிலீன் இழைகள் நெருக்கமாக நிற்கும். உரசினாலும் கதவு ஓட வேண்டும் என்பதால்தான் அங்கே இழை. அந்த இடத்தில் கெட்டி ரப்பரைத் திணித்தால் கதவு நகராது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் பையன் கடையில் தப்பான சரக்கு வாங்கி வருவான்.

காடி, தண்டவாளம் குழப்பமும் அப்படித்தான். ரோலர் பள்ளத்தில் ஓடுவதில்லை, மேடாக நிற்கும் ஒரு விளிம்பின் மேல் ஓடுகிறது. அது காடி ஆகாது. பிரஷ் செருகும் பள்ளம்தான் காடி. கதவை மேலே தூக்கி, அடியை வெளியே சாய்த்துக் கழற்றி, பழைய பிரஷை அந்தக் காடியிலிருந்து உருவுவோம். முனையில் அலுமினியத்தை நசுக்கிவைத்திருந்தால் முதலில் அதை விரிக்க வேண்டும். புதியதை இழுத்து நீட்டிச் செருகக் கூடாது. அப்புறம் சுருங்கி மூலையில் சந்து விட்டுவிடும். ரோலர் ஓடும் விளிம்பு தேய்ந்திருந்தால் அதன் மேல் எவர்சில்வர் மூடி ஒன்றை அழுத்தி மாட்டலாம், முழு ஃபிரேமையும் பெயர்க்க வேண்டாம். எண்ணெய் விடாதீர்கள், தூசு அப்பிக்கொள்ளும். சிலிகான் ஸ்பிரே போதும்.

இன்னொன்றுக்கும் தயவுசெய்து பெயர் வையுங்கள்: டிராக்கில் தேங்கும் தண்ணீர் வெளியேற இருக்கும் சின்னத் துளை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் பல வீடுகளில் இந்தத் துளை மண்ணடைத்துக் கிடந்தது. பிரஷ் நன்றாக இருந்தும் சாரல் தண்ணீர் டிராக் நிரம்பிக் கூடத்துக்குள் வழிந்தது. கடற்காற்று அடிக்கும் வீட்டில் உப்பும் சேர்ந்து இறுகிவிடும். பாடத்தில் இது இல்லாமல் போகக் கூடாது.

பெரம்பூரிலிருந்து:

அருமை. துளைக்கு 'வடிதுளை', வினைத்தொகை. பிரஷுக்கு 'மயிர்ப்பட்டை'?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

சொல் பழையதுதான். ஆனால் எங்கள் வகுப்பில் அதைப் பலகையில் எழுதினால் அன்றைக்குப் பாடம் நடக்காது. 'இழைப்பட்டை' என்று வைத்துக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் வழி வந்து நம் வீட்டுச் சொல்லாகிவிட்டன. டிராக்கும் ரோலரும் அப்படியே இருக்கட்டும். வேலை தெரிந்தவர் வாயில் இல்லாத சொல்லைப் புத்தகத்தில் வைத்து என்ன பயன்?

இராயபுரத்திலிருந்து:

இன்று டிராக்கை விட்டால் நாளை கதவையே 'டோர்' என்பார்கள். 'ஓடுவிளிம்பு' என்று எழுதலாமே, திருவொற்றியூர் நண்பர் சொன்னதே அதற்கு விளக்கம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

இனியும் தாமதிக்க முடியாது. பொதுச்சொல் ஓர அடைப்பு, வகைகள் இழைப்பட்டை, ரப்பர்ப்பட்டை, செருகும் பள்ளம் காடி, துளை வடிதுளை. டிராக், ரோலர் அப்படியே. நால்வர் ஒப்பியதாக எடுத்துக்கொள்கிறேன். காடிக்குப் புளித்த கஞ்சி என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கதவுப் பாடத்தில் அந்தக் குழப்பம் வராது.

இராயபுரத்திலிருந்து:

நால்வரில் என்னைச் சேர்க்க வேண்டாம். 'ஓர அடைப்பு' இடத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. புரையடைப்பைச் சொல்லடைவிலாவது ஒரு வரியாகப் போடுங்கள். மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.