டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு: உட்கார்ந்த 15 நிமிஷத்தில் கவனம் சிதறுது, வழி சொல்லுங்க

வைகைக்கரை கேட்டது:
வணக்கம். சமச்சீர் புத்தகங்கள் 6 முதல் 10 வரை படிச்சுட்டு இருக்கேன். காலை 5 மணிக்கு உட்கார்ந்தா 15 நிமிஷம் ஓடுது, அப்புறம் கை தானா போனுக்குப் போயிடுது. பிடிஎஃப் நோட்ஸ், டெலிகிராம் குரூப் எல்லாம் அதுலதான் இருக்கு, அதனால தூக்கி வைக்கவும் முடியல. ஒரே பக்கத்தை நாலு தடவை படிச்சாலும் மனசுல நிக்கல. 25 நிமிஷ டைமரும் வெச்சுப் பார்த்தாச்சு. வீட்டில் ஒரே ஹால், டிவி ஓடும். இப்படி இருந்தா பரீட்சையில் மூணு மணி நேரம் எப்படித் தாங்கும்?

நூலகவாசி:
போன்ல படிக்கிறதை முதல்ல நிறுத்துங்க. பாடமும் மெசேஜும் ஒரே திரையில் இருக்கும்போது, பாடத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மெசேஜையும் தாண்டித்தான் போகணும். அந்த வாரத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் போட்டுக்குங்க. மொத்தமா 400 பக்கம் எடுத்தா அது அலமாரியிலதான் தூங்கும். டெலிகிராமுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 20 நிமிஷம் போதும், அதுவும் டவுன்லோடு பண்ண மட்டும். படிக்கிற நேரத்தில் போன் வேற இடத்தில் இருக்கணும். சைலண்ட்ல போட்டு மேஜை மேல கவிழ்த்து வைக்கிறது போதாது. நேரம் பார்க்க சாதாரண அலாரம் கடிகாரம் வெச்சுக்குங்க.

பக்கத்தில் ஒரு துண்டுத் தாளும் இருக்கட்டும். "கேஸ் புக் பண்ணணும்", "ஹால் டிக்கெட் வந்துச்சா" மாதிரி நடுவுல வர்ற நினைப்பை ரெண்டு வார்த்தையில் அதுல குறிச்சுட்டுப் படிப்பைத் தொடருங்க. எழுதி வெச்சுட்டா மறந்துடுவோமோங்கிற அரிப்பு அடங்கிடும்.

ஏட்டுச்சுவடி:
நாலு தடவை படித்தும் நிற்காததற்குக் காரணம் படிக்கிற முறை. கண் வரியில் ஓடுகிறது, மூளைக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாத மனம் அலையத்தான் செய்யும். எனவே "இன்று தமிழ்" என்று உட்காராதீர்கள். "சிலப்பதிகாரம், 6 பக்கம், முடிவில் 10 கேள்வி" என்று முதல் நாள் இரவே எழுதி வையுங்கள்.

ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதுங்கள். உதாரணமாக, சிலப்பதிகாரத்தில் காண்டம் 3, காதை 30; காண்டவாரியாகக் காதைகள்: புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. பலர் இங்கே புகாருக்கும் மதுரைக்கும் எண்ணை மாற்றி எழுதுவார்கள். திறந்து பார்த்து, தவறிய எண்ணை மட்டும் சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது பல நாள் கழித்தும் நிற்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள்.

25 நிமிடக் கணக்கு 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ தன் படிப்புக்காக, தக்காளி வடிவ அடுப்படி டைமரை வைத்து உருவாக்கியது. தனிவட்டி, மீ.சி.ம. கணக்குகளுக்கு அது பொருந்தும். வரலாறு மாதிரி நீண்ட பாடத்தில் சூடு பிடிக்கும்போதே மணி அடித்துவிடும். அதற்கு 45 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு. ஓய்வில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ரீல்ஸ் பார்த்தால் அது ஓய்வே அல்ல, திரும்பி வந்தும் தலைக்குள் அதுதான் ஓடும். எழுவதற்கு முன் "அடுத்து: வஞ்சிக் காண்டம், 3ஆம் பத்தி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், வந்ததும் தேடாமல் தொடங்கலாம்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. இன்னைக்கே மூடி எழுதிப் பார்க்கிறேன். டிவிக்கும் மூணு மணி நேரத்துக்கும் என்ன செய்யலாம்?

மாதிரித்தேர்வு:
டிவியோட சண்டை போடாதீங்க சகோ, இடத்தை மாத்துங்க. மதுரைன்னா புதுநத்தம் ரோட்டுல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல இலவசமா நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தையும் விசாரிங்க. போக முடியாத நாள்ல டிவி போடுறதுக்கு முன்னாடி, விடியற்காலையிலேயே கஷ்டமான பாடத்தை முடிச்சுடுங்க. ஹால்ல சத்தம் இருக்கிற நேரத்துக்குக் கணக்கு. கையில பேனா ஓடுற வேலை சத்தத்தைக் கொஞ்சம் தாங்கும், மனப்பாடம் தாங்காது.

5 மணிக்கு எழுறவர் ராத்திரி 10 மணிக்குப் படுத்தாகணும். டீயில் இருக்கிற கஃபீன் பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால சாயங்காலம் 4 மணிக்கு மேல டீ வேண்டாம்.

மூணு மணி நேரத்தை ஒரே நாள்ல எட்ட முடியாது. 200 கேள்வி, 180 நிமிஷம். ஒண்ணுக்கு 54 செகண்ட். முதல் வாரம் 50 கேள்வியை 45 நிமிஷத்தில் எழுந்திருக்காம போடுங்க. ரெண்டாவது வாரம் 100, அப்புறம் 150, நாலாவது வாரம் முழுத் தாள். அதையும் ஞாயிறு காலை 9.30ல இருந்து 12.30 வரை, பரீட்சை நேரத்துலயே எழுதணும். மாதிரி ஓஎம்ஆர் தாள்ல கருப்பு பால்பாயிண்ட் பேனாவால வட்டத்தை நிரப்புங்க. கவனம் எங்க தளருதுன்னு கண்டுபிடிக்க, ஒவ்வொரு 25 கேள்விக்கும் தப்பை எண்ணி ஓரத்துல எழுதுங்க. 125ஆவது கேள்விக்கு அப்புறம் தப்பு கூடினா, அந்த இடத்தில் பேனாவை வெச்சுட்டு 20 செகண்ட் கண்ணை மூடி, தண்ணி ஒரு வாய் குடிச்சுட்டுத் தொடருங்க.