சென்னைக்கு வராத பெட்டி: இரண்டு ஏர்லைன்ஸும் கைகாட்டுகின்றன

டொரண்டோவில் செக்-இன் செய்த பெட்டி 12 நாளாகியும் சென்னைக்கு வரவில்லை. ஒரே டிக்கெட், வளைகுடாவில் ஒரு விமான மாற்றம், இடையில் 1 மணி 10 நிமிடம்தான். முதல் விமானம் டிக்கெட் விற்ற நிறுவனத்துடையது, இரண்டாவது அதன் கூட்டு நிறுவனத்துடையது. டேக்கில் கடைசி ஊர் எம்.ஏ.ஏ. (சென்னையின் குறியீடு) என்றே இருக்கிறது.

பெட்டி: கருநீலம், 28 இன்ச், கெட்டி ஓடு, 22.4 கிலோ. உள்ளே இருக்கும் ஏர்டேக் (இருப்பிடம் காட்டும் சிறு கருவி) இரண்டாம் நாளிலிருந்து நான் விமானம் மாறிய அந்த வளைகுடா விமான நிலையத்தையே காட்டுகிறது.

வெளியே வருமுன் பெல்ட் பக்கத்துக் கவுன்டரில் பி.ஐ.ஆர். (பெட்டி வராததற்கான புகார்ப் படிவம்) எழுதி எண் வாங்கியாயிற்று. வராத பெட்டிகளைத் தேடும் வேர்ல்ட் ட்ரேசர் தளத்தில் அன்றும் இன்றும் 'தேடல் தொடர்கிறது'. ஏர்டேக் இருப்பிட லிங்க்கை இருவருக்கும் அனுப்பினேன், பதிலே இல்லை. போன் செய்தால் ஒருவர் மற்றவரைக் கேட்கச் சொல்கிறார். அவசரத் துணி, மருந்து வாங்கிய ₹9,400-க்கான பில்கள், போர்டிங் பாஸ், டேக் ஒட்டிய துண்டு எல்லாம் பத்திரம்.

சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி முதல் நிறுவனம், கடைசி நிறுவனம் இரண்டிடமும் கேட்கலாம் என்பதும், 21 நாள் தாண்டினால் தொலைந்ததாகவே கொண்டு கேட்கலாம் என்பதும், இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.பின் கணக்கு அலகு) என்பதும் தெரியும். ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெட்டிதான் முக்கியம், அதில் அசல் சான்றிதழ்கள் இருக்கின்றன. (கைப்பையில் வைத்திருக்க வேண்டும், தெரியும்.)

மீதி 9 நாளுக்குள், விமானம் மாறிய நிலையத்தின் பேகேஜ் பிரிவையே நேரடியாகப் பிடித்துப் பெட்டியை அனுப்ப வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வழியில் பிடித்தீர்கள்?